புழுதிக் கோளின் நான்காம் பக்கம்

எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் துண்டை இன்னொருவர் தொட்டால் பிடிக்காது. தம்ளரின் விளிம்பில் அடுத்தவர் உதட்டுத் தடம் தெரிந்தால் தண்ணீரே வேண்டாம் என்று எழுந்துவிடுவேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த அண்ணன், பெரிய சமையலறைகளின் புகைக் குழாய்க்குள் நுழைந்து கொழுப்பைச் சுரண்டுகிறவன். கட்டிக்கொண்ட கணவர், அந்தச் சுரண்டலுக்கு மேற்பார்வையாளர். என் தலையெழுத்தை எழுதியவன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுதியிருப்பான்.

வேலையைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். பெரிய சமையலறைகளில் அடுப்புகளுக்கு மேலே தகரக் கூண்டு ஒன்று தொங்கும். அதிலிருந்து மொட்டை மாடியில் இருக்கிற ராட்சத விசிறி வரைக்கும் ஒரு தகரச் சுரங்கம் போகும். டக்ட் என்பார்கள். எண்ணெய்ப் புகை முழுக்க அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். போகிற போக்கில் கொழுப்பைச் சுவரெல்லாம் அப்பிவிட்டுப் போகும். நாள்பட்டால் அது காதுக் குறும்பி நிறத்தில் கெட்டியாகி, விரல் கனத்துக்கு ஏறி நிற்கும். அதில் கரப்பான்கள் ஒட்டிச் செத்திருக்கும். சில நேரம் எலி. ஒரு தீப்பொறி மேலே ஏறினால் கட்டடமே போய்விடும் என்பதால், ஒரு மனிதன் உள்ளே தவழ்ந்து போய் அதைச் சுரண்டி வாளியில் போட வேண்டும். அண்ணன் ஒருமுறை இதை விவரித்ததைக் கேட்டுவிட்டு, பொரித்த எதையும் என்னால் ஒரு வாரம் வாயில் வைக்க முடியவில்லை.

எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை அவனை விட்டுப் போகாது. என் வீட்டுக்கு வந்தால் அவனுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவனே தேடிப் போய் அதில் உட்காருவான், நான் சொல்ல வேண்டியதே இல்லை. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் பெண் சன்னலைத் திறந்து வைத்தாளாம். மூன்றாவது இடத்துக்கு அவன் போகவில்லை. ஒரு மாடி அறையில் தனியாக இருந்தான். அறை மட்டும் பளிச்சென்று இருக்கும். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ரெக்கார்டு பிளேயர், அதன் மேல் வெள்ளைத் துணி. பக்கத்தில் இரண்டே இரண்டு இசைத்தட்டுகள். அவன் வாழ்க்கையில் அவன் ஆசையாகக் காப்பாற்றிய பொருள் என்றால் அவைதான்.

அந்த இரண்டு தட்டும் சேர்ந்து ஒரே கதை. 'புழுதிக் கோள்' என்று பெயர். விண்வெளிக் கதையைப் பாட்டும் வசனமுமாகச் சொல்லி, அந்தக் காலத்தில் சக்கைப் போடு போட்டது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பாட்டு டீச்சர் ஊரை விட்டுப் போகும்போது, தூக்கிப் போக முடியாமல் பிளேயரையும் இதையும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டை உறையைக் கரப்பான் அரித்திருந்ததால் அதை அன்றைக்கே வெளியே எறிந்தது நான்தான்.

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி. வீட்டுப் பொருளை யாராவது இரவல் வாங்கிப் போய்விடுவார்களோ என்ற பயம். வாளி, ஏணி, சுத்தியல், எல்லாவற்றிலும் எங்கள் வீட்டு எண்ணை எழுதி வைப்பார். இசைத்தட்டையும் விடவில்லை. நடுவில் இருக்கிற வட்டமான லேபிளின் மேல், முன்னும் பின்னும், வெள்ளைத்தாளைப் பசை தடவி ஒட்டி வீட்டு எண்ணை எழுதினார். அடியில் அச்சாகியிருந்த பக்க எண்கள் அதோடு சமாதி. பசை வழிந்து காய்ந்து சளி மாதிரி இருந்தது. நான் அதைத் தொட மாட்டேன். தட்டைப் போடுவதும் எடுப்பதும் அண்ணன் வேலை.

எது முதல் பக்கம் என்று கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. ஒரு பக்கத்தில் கதை சொல்பவர் வணக்கம் சொல்லித் தொடங்குவார். அந்தப் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போட்டோம். அப்புறம் அடுத்த தட்டு, அப்புறம் அதன் பின்பக்கம். வேறு எப்படிப் போடுவார்கள்?

அப்படி நாங்கள் கேட்ட கதை இது. முதல் பக்கத்தில் கேப்டன் ஒருவன் தன் ஆட்களோடு செந்நிறப் புழுதிக் கோளில் இறங்கி, பெரிய இரும்புக் கதவு வைத்த ஓர் ஊரைக் கட்டுகிறான். இரண்டாம் பக்கத்தில் பூமியிலிருந்து கப்பல் வருகிறது, எக்காளம் முழங்குகிறது, அவனுக்குப் பதக்கம் குத்துகிறார்கள். ஊர் கட்டியதற்கு என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் பக்கத்தில் புழுதி உயிர்பெற்று ஆட்களை ஒவ்வொருவராக விழுங்குகிறது. நான்காம் பக்கத்தில் தப்பி ஓடி வருகிறவர்களில் பாதிப் பேர் உள்ளே நுழைவதற்குள், கேப்டன் பயந்துபோய்க் கதவை அடைத்துவிடுகிறான். வெளியே நிற்கிறவர்களில் அவனுடைய சொந்தத் தம்பியும் ஒருவன். தம்பி கதவைத் தட்டுகிறான். பாட்டு நின்றுவிடும். தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அது மெல்லத் தேய்ந்து, ஊசி தட்டின் நடுவில் போய்க் கரகரக்கும். அவ்வளவுதான் கதை.

அண்ணன் ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூக்கு ஒழுகும், துடைக்க மாட்டான், எனக்குக் குமட்டும்.

"பதக்கம் எல்லாம் வாங்கியும் என்ன பிரயோஜனம் பாப்பா? கடைசியில அந்தத் தட்டுற சத்தம்தானே அவன் காதுல நிக்கும்" என்பான். என்னை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான், இன்றைக்கும். அந்த வயதில் அவனுக்கு அந்தக் கதை நீதிமன்றம் மாதிரி. பெருமை முன்னாலேயே வந்துவிடும், தீர்ப்பு கடைசியில் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த எதுவும் அவன் மண்டையில் ஏறவில்லை, இது ஏறிவிட்டது.

வளர்ந்த பிறகும் விடவில்லை. டக்டுக்குள் தவழும்போதுகூட அதைத்தான் சீட்டியடிப்பானாம். அந்த எக்காள இசையை ஒரு சோப்புக் கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. சட்டைக் காலரில் அழுக்குப் போகும், எக்காளம் முழங்கும். அண்ணன் டிவியைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. "அது ரெண்டாம் பக்கம். கதையோட முடிவே தெரியாதவன் எவனோ எடுத்து வச்சிருக்கான்" என்பான். எனக்கு அந்த இசையும் பிடிக்காது, சோப்பும் பிடிக்காது. ஆனால் அவன் கோபத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அண்ணனோடு டக்டுக்குள் இறங்கும் இன்னொரு ஆளை எல்லோரும் பல்லி என்பார்கள். ஒல்லியான உடம்பு, எந்த மூலையிலும் ஒட்டிக்கொண்டு போவார். ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவர். மனைவி மூட்டை கட்டியதும் சத்தியம் பண்ணி நிறுத்தினார், அவளும் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் அவர் தொடவே இல்லை என்று அண்ணன் அடித்துச் சொல்வான்.

அன்றைக்கு வேலை ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில். விடுமுறை நாள், ஆனால் சாயங்காலம் ஏதோ விருந்து. கேன்டீன் மேனேஜர் என் கணவரின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். பல்லி கூரைக்கு மேலே டக்டின் வளைவுக்குள் இருந்தார். அண்ணன் கீழே ஏணியில் நின்று வாளியை இறக்கிக்கொண்டிருந்தான். என் கணவர் ஆளை எண்ணிப் பார்க்காமல், "முடிஞ்சுது, பத்த வைங்க" என்று சமையல்காரர்களிடம் சொல்லிவிட்டு விசிறியையும் போட்டுவிட்டார். அத்தனை அடுப்பின் சூடும் புகையும் அந்தச் சுரங்கத்துக்குள் ஏறியது. தகரத்தைத் தட்டுகிற சத்தம் அண்ணனுக்குக் கேட்டது. இறங்கி ஓடினான்.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க, பல்லி உள்ள இருக்கான்!"

"அவன் மாடி வழியா ஏறிட்டான் மச்சான், நான் பார்த்தேன். தகரம் சூடானா அப்படித்தான் சத்தம் போடும்."

சுவிட்ச் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொன்னார். அவர் பார்க்கவில்லை. மேனேஜருக்கு முன்னால் அசடு வழிய அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். அண்ணன் அவரைத் தள்ளிவிடவில்லை. சத்தம் நிற்கும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். நின்ற பிறகுதான் என் கணவருக்கும் சந்தேகம் வந்து சுவிட்சை அணைத்தார். பல்லியை வெளியே இழுத்தபோது இரண்டு உள்ளங்கையும் வெந்திருந்தன. உயிர் இருந்தது.

இதையெல்லாம் அண்ணன் என் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னான், அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருவதற்கு முதல் நாள். என் கணவர் அதற்குள் வேறு கதை ஜோடித்திருந்தார். பல்லி குடித்திருந்தான், யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனான், சத்தமே கேட்கவில்லை. அண்ணனும் அதையே சொல்ல வேண்டும். சொன்னால் பல்லிக்கு வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை, மானமும் இல்லை. சொல்லாவிட்டால் என் கணவர் கம்பி எண்ண வேண்டியிருக்கும்.

"கேட்டுச்சுன்னு சொல்லு" என்றேன்.

"சொன்னா உன் குடும்பம் என்ன ஆகும் பாப்பா?"

"என்னை எதுக்கு நடுவுல இழுக்கிறே?"

அவன் எழுந்து கிளம்பிவிட்டான். மறுநாள் போய், கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான். எனக்காக. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. குளித்தும் போகவில்லை. என் கணவரிடம் கேட்டால், "நீ அங்க இருந்தியா? பார்த்தியா?" என்றார், ஒரு பக்கக் கன்னத்தில் சோற்றை ஒதுக்கிக்கொண்டு. மென்று விழுங்கிவிட்டுப் பேசலாம் என்றுகூடத் தோன்றாத ஜென்மம். பத்து வருஷம் இதே வாய்க்குத்தான் சமைத்துப் போட்டேன் என்று நினைத்தபோது, என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் அறையில் 'புழுதிக் கோள்' ஓடவில்லை. பிளேயர் மேலிருந்த துணியில் தூசி படிந்திருந்தது.

விசாரணை முடிந்து என் கணவருக்குப் பதவி உயர்வு வந்தது. நெருக்கடியில் நிதானமாகச் செயல்பட்டாராம். அதற்கு ஒரு கேடயம் வேறு. தலைமை அலுவலகத்து அதிகாரியை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். கம்பெனி ஆட்கள் சிலரும் வந்தார்கள். அண்ணனும் வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். சாப்பிட்டு முடித்த எச்சில் தட்டுகள் மேசையில் காய்ந்துகொண்டிருக்க, என் கணவர் ஒரு பெரிய பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மச்சான் எனக்காக எவ்வளவோ பண்ணியிருக்கார். அவருக்கு என்னோட சின்ன பரிசு."

பிரித்தால் புத்தம் புதிய 'புழுதிக் கோள்'. நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு, வழுவழு அட்டை. கூடவே ஒரு புது பிளேயர். பொய் சொன்னதற்குக் கூலியை இவ்வளவு அழகாகக் காகிதம் சுற்றிக் கொடுக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அடடே, இது என் உயிராச்சே!" என்று அதிகாரி எழுந்து வந்து, பல்லைக் குத்தின கையாலேயே இசைத்தட்டை எடுத்துப் போட்டார். முதல் பக்கம் ஓடியது. யாரும் கேட்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். தட்டைத் திருப்பினார். புழுதி சீறுகிற சத்தம் வந்தது. அண்ணன் நிமிர்ந்தான்.

"சார், இது மூணாம் பக்கம். மாத்திப் போட்டுட்டீங்க."

"இல்லப்பா, இதுதான் ரெண்டு. லேபிளைப் பாரு."

"எங்க வீட்டுத் தட்டுல ஒண்ணுக்குப் பின்னாடி பதக்கம் குடுக்கிறதுதான் வரும்."

அதிகாரி சிரித்தார். "ஓ, உன்கிட்ட இருக்கிறது பழைய அச்சு. அந்தக் காலத்துல தட்டை அடுக்கி வச்சா தானா ஒண்ணொண்ணா விழுந்து பாடுற மெஷின் இருந்துச்சு. ஒண்ணும் ரெண்டும் பாடி முடிஞ்சதும் அடுக்கை அப்படியே திருப்பிப் போடணும். அதுக்காக ஒரே தட்டுல ஒண்ணும் நாலும், இன்னொண்ணுல ரெண்டும் மூணும் போடுவாங்க. பதக்கம்தான் கடைசிப் பக்கம். அதுதானே கிளைமாக்ஸ்! இத்தனை வருஷமா நீ கதையைத் தப்பாவா கேட்டுக்கிட்டிருந்தே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். நானும் இத்தனை வருஷமாகத் தப்பாகக் கேட்டவள்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தட்டில் மூன்றாம் பக்கம் ஓடியது. கதவு சாத்தப்பட்டது. தம்பி தட்டினான். சத்தம் தேய்ந்தது. அதிகாரி ஓடிப் போய்த் தட்டைத் திருப்பினார், சத்தத்தைக் கூட்டினார். எக்காளம் முழங்கியது. மீட்புக் கப்பல் வந்திருக்கிறது. கதவை அடைத்து ஊரைக் காப்பாற்றிய கேப்டனுக்குப் பதக்கம் குத்துகிறார்கள். வெளியே நின்றவர்களுக்கு ஒரு வரி அஞ்சலி. அப்புறம் கூட்டமே சேர்ந்து பாடுகிறது. அதிகாரி ஜூஸ் தம்ளரை என் கணவரை நோக்கித் தூக்கிப் பிடித்து, "நம்ம கேப்டனுக்கு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார், பாவி மனிதர்.

அண்ணன் எழுந்து குளியலறைக்கு ஓடினான். நான் பின்னாலேயே போனேன். குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். யார் வாந்தி எடுத்தாலும் தெருமுனைக்கு ஓடுகிறவள் நான். அன்றைக்கு அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கதவை அடைச்சதுக்கா பாப்பா பதக்கம்?" என்றான், மூச்சு வாங்க. "தட்டினவனுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

"சீ" என்றான். இவ்வளவு காலம் உயிராக வைத்திருந்த ஒன்றைப் பற்றி அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. முகத்தைக் கழுவினான். கண்ணாடியைப் பார்க்காமலே, "நான் சொல்லிட்டா உன் வீடு..." என்று ஆரம்பித்தான்.

"என் வீட்டை நீ சுமக்காதே அண்ணா. இந்த வீடு நாறுது. உன் வாடை இல்ல, இது வேற."

கூடத்துக்குப் போனோம். எக்காளம் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பிளேயரை அணைத்தான்.

"சார், பல்லி குடிக்கல. அவன் உள்ள இருந்தது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். தட்டினான். எனக்குக் கேட்டுச்சு. மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். நிறுத்தல."

"மச்சானுக்கு வெயில் ஒத்துக்கல" என்றார் என் கணவர். அதிகாரி தம்ளருக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாக, "இதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசுப்பா" என்றார்.

"ஆபீஸ்ல பேசினதுதான் சார் பொய்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணனோடு வெளியே வந்துவிட்டேன். எச்சில் தட்டுகளை யார் கழுவினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

பல்லியின் வீடு ஒற்றை அறை. மருந்தும் வியர்வையும் கலந்த நெடி. பல்லி கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட இரண்டு கையும் ஒரு தலையணை மேல் கிடந்தன. அவர் மனைவி ஊட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கரண்டியை மட்டும் நீட்டினாள். எங்களைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை.

அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சுடா. கேக்கலன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கு எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

பல்லி வாயில் இருந்ததை விழுங்கினார்.

"கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியுமே. நீ கீழ இருந்து திருப்பித் தட்டினியே" என்றார். குரல் கரகரத்தது, நுரையீரலில் இன்னும் புகை. "சரி, இவனுக்குக் கேட்டுடுச்சு, இப்ப நிறுத்திடுவான்னு நெனச்சு, இன்னும் கொஞ்சம் தட்டிட்டு, மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பேசாம கிடந்தேன்."

திருப்பித் தட்டியதை அண்ணன் என்னிடம் சொன்னதே இல்லை. பல்லி மோவாயால் மனைவியைக் காட்டினார்.

"எங்கிட்ட எதுக்குடா சொல்றே? இவகிட்டச் சொல்லு. நான் குடிச்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

கரண்டி பாதி வழியில் நின்றது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.